எதை முதலில் அளப்பது? மக்கள் நலத்தைக் கண்காணிக்கும் ஐந்து முறைகளின் ஒப்பீடு

மக்கள் எந்த நோயால் வாடுகிறார்கள், எதனால் இறக்கிறார்கள், நிலைமை சில ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட மேம்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் தெரியாமல் எந்தப் பொதுச் சுகாதாரத் துறையும் உருப்படியாக எதையும் செய்துவிட முடியாது. தெரிந்துகொள்வதற்கு வழிகள் பல உண்டு. மருத்துவமனைகளிலிருந்து நோய் அறிக்கைகளைத் திரட்டலாம்; சில மையங்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆழமாகக் கவனிக்கலாம்; வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கலாம்; இறப்புகளையும் அவற்றின் காரணங்களையும் பதிவு செய்யலாம்; கழிவுநீரைச் சோதிக்கலாம். எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் பணமும் ஆட்களும் அளவோடு இருக்கும் இடத்தில், அடுத்த ஐந்தாண்டுக்கு எதை வலுப்படுத்துவது, எதைத் தள்ளிவைப்பது என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்தப் பதிலால் பயனில்லை. இத்துறையில் பணிபுரிபவர்களும் பயில்பவர்களும் நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது. இந்த ஒப்பீடு அவர்களுக்காகவே.

## முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல், மற்ற அனைத்துக்கும் மேலானது என்று நான் கருதுவது, கிடைக்கும் தகவல் எந்த முடிவை மாற்றப்போகிறது, அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான். இதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் எழுத முடியவில்லை என்றால் அந்தக் கண்காணிப்பைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. பெரியம்மை ஒழிப்பை எடுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 1967இல் தீவிரப்படுத்திய அந்தத் திட்டம், எல்லோருக்கும் தடுப்பூசி போடுவதை மட்டும் நம்பியிராமல், ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு உடனே தடுப்பூசி போடும் முறைக்கு மாறிய பிறகே விரைந்து முன்னேறியது. ஒரு நோயாளியைப் பற்றித் தகவல் வந்தால் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே களப்பணியாளர் வரைக்கும் தெளிவாக இருந்தது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது வேகம். வேகம் எப்போதும் நல்லது என்று எண்ணிக்கொண்டு அதற்காகப் பெரும் பணம் செலவிடப்படுவதைப் பார்க்கிறோம். காலராவுக்கு ஒரு வாரத் தாமதம் உயிர்களைப் பறிக்கும். ஆனால் இரத்த அழுத்தத்தின் போக்கை வாரந்தோறும் அறிந்துகொள்வதால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

மூன்றாவது, யார் விடுபடுகிறார்கள் என்பது. எந்த முறையும் சிலரைப் பார்க்காமல் கடந்து போகும். பெரும்பாலும் அவர்கள்தாம் அதிகம் நோயுறுபவர்கள். நான்காவது, எவ்வளவு சிறிய பகுதி வரைக்கும் தகவல் நம்பத்தக்கது என்பது: நாட்டுச் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு மாவட்ட அலுவலர் எதையும் செய்ய முடியாது.

ஐந்தாவது செலவு. கருவிக்கும் பயணத்துக்கும் ஆகும் தொகை திட்ட அறிக்கையில் இடம்பெற்றுவிடும். செவிலியர் ஒருவர் நோயாளியின் அருகில் இருக்க வேண்டிய நேரத்தில் பதிவேடுகளை நிரப்புவதும், தம் விவரங்கள் எங்கே போகின்றன என்று தெரியாமல் மக்கள் இழக்கும் நம்பிக்கையும் எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு முறைக்கும் இந்த மறைச்செலவைத் தனியாகச் சொல்கிறேன்.

## 1. நோய் அறிக்கைகள்: மருத்துவமனையிலிருந்தும் ஆய்வகத்திலிருந்தும்

அநேகமாக எல்லா நாடுகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருப்பது இதுதான். சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அவற்றில் ஒன்றைக் காணும் மருத்துவரோ ஆய்வகமோ உள்ளூர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க, அது மேலே செல்லும். 2007இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகளும் இந்தச் சங்கிலியை நம்பியே எழுதப்பட்டுள்ளன: நாட்டு அளவுக்கு வந்து சேர்ந்த அவசரத் தகவலை 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும், பிற நாடுகளையும் பாதிக்கக்கூடிய அவசரநிலை என்று தோன்றினால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதன் பெரும் பலம், நோயாளி இன்னார் என்று தெரிவதால் அவருடன் பழகியவர்களைத் தேடிச் செல்ல முடியும் என்பது. தட்டம்மை, தொண்டை அடைப்பான், காலரா போன்றவற்றில் தனி மனிதரைச் சென்றடைவதுதான் சிகிச்சையும் தடுப்பும். வேறெந்த முறையும் இதைத் தராது.

பலவீனம் எங்கே என்பதை ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். ஓர் ஊரில் 1,000 பேருக்கு ஒரு தொற்று ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 500 பேருக்கு அறிகுறி தென்படுகிறது. 200 பேர் மருத்துவரிடம் போகிறார்கள். 50 பேருக்கு மருத்துவர் சோதனை எழுதித் தருகிறார். 40 பேருக்குத் தொற்று உறுதியாகிறது. அதில் 30 பேரைப் பற்றிய அறிக்கை மேலே போய்ச் சேர்கிறது. நூற்றில் மூவர். அடுத்த ஆண்டு பரிசோதனை மையம் ஒன்று கூடுதலாகத் திறக்கப்பட்டு, 50 பேருக்குப் பதிலாக 100 பேர் சோதிக்கப்பட்டால், தொற்று ஒன்றுகூட அதிகரிக்காமலே அறிக்கையில் நோய் இருமடங்காகிவிடும். இந்த எண்ணை வைத்து ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிடுவதும், துறை வென்றதா தோற்றதா என்று தீர்ப்பளிப்பதும் எவ்வளவு ஆபத்தானவை என்பதை இதிலிருந்து உணரலாம்.

மறைச்செலவு இங்கேதான் மிகக் கனமானது. பட்டியலில் ஒரு நோயைச் சேர்ப்பதற்கு ஒரு கையெழுத்து போதும். ஆனால் ஆயிரக்கணக்கான மையங்களில் வாரந்தோறும் அந்தக் கட்டத்தை நிரப்பும் உழைப்பு ஆண்டுக்கணக்கில் தொடரும். தனியார் மருத்துவர்கள் அறிவிப்பதால் தங்களுக்கு என்ன பயன் என்று கேட்பார்கள். பதில் ஏதும் திரும்பி வராதபோது அறிவிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதைவிட மோசமானது, நேர்மையாக அறிவிக்கும் மாவட்டமே நோய் மலிந்த மாவட்டமாகத் தெரிவது. அதற்காக அந்த அலுவலர் கண்டிக்கப்பட்டால், அடுத்த ஆண்டு எல்லா மாவட்டங்களும் நலமாகிவிடும், தாளில் மட்டும்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. நோய் இல்லை என்றாலும் இல்லை என்று எழுதி அனுப்பவைப்பதும், கண்காணிப்பு விழித்திருக்கிறதா என்பதையே அளப்பதும் அது. போலியோ ஒழிப்புத் திட்டம் இதை அழகாகச் செய்தது. திடீரென்று கைகால் தளர்ந்துபோகும் குழந்தைகள் அனைவரையும், காரணம் எதுவானாலும், அறிவிக்கச் சொன்னார்கள். போலியோவே இல்லாத இடத்திலும் வேறு காரணங்களால் 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்காவது இப்படித் தளர்ச்சி ஏற்படும் என்பது தெரிந்த ஒன்று. அந்த எண்ணிக்கைகூட வரவில்லை என்றால் அங்கே நோய் இல்லை என்று பொருளல்ல, தேடவில்லை என்றே பொருள். அறிக்கை முறையை நம்பி இறங்குபவர்கள் இப்படியொரு தற்சோதனையைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## 2. தேர்ந்தெடுத்த மையங்கள்

எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் மேலோட்டமான தகவலைப் பெறுவதற்குப் பதில், கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலவற்றிலிருந்து தரமான தகவலைப் பெறுவது இம்முறை. உலக சுகாதார நிறுவனத்தின் இன்ஃபுளுவென்சா கண்காணிப்பு வலையமைப்பு 1952 முதல் இப்படித்தான் இயங்குகிறது: பல நாடுகளின் ஆய்வகங்கள் மாதிரிகளைச் சேகரித்து வைரஸின் மாற்றங்களைப் பார்க்கின்றன, ஆண்டுக்கு இருமுறை, வட, தென் அரைக்கோளங்களுக்குத் தனித்தனியாக, அடுத்த பருவத்தின் தடுப்பூசியில் எந்த வைரஸ் வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது. நாட்டில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது என்பது இந்த முடிவுக்குத் தேவையே இல்லை. எந்த வகை பரவுகிறது என்பதே தேவை. முறையும் முடிவும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

செலவு குறைவு, தரம் அதிகம், காலப்போக்கில் ஏற்படும் மாற்றம் தெளிவாகத் தெரியும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கிருமிகள் கட்டுப்படாமல் போவதைக் கவனிக்கவும் இதுவே பொருத்தமானது. ஆனால் அந்த மையங்களுக்கு வருபவர்கள் நாட்டு மக்களைப் பிரதிபலிக்க மாட்டார்கள். இதை மறந்து மொத்த எண்ணிக்கையைக் கணிக்க முற்படும்போது என்ன ஆகிறது என்பதை அடுத்த பகுதியில் ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். மறைச்செலவு என்றால், மையங்களை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிடுவதுதான்: நகரம் வளர்ந்து மக்கள் வேறிடம் நோக்கி நகர்ந்த பின்னும் பழைய மருத்துவமனைகளே நாட்டின் கண்களாக இருந்துகொண்டிருக்கும்.

## 3. வீடு வீடாக மாதிரிக் கணக்கெடுப்பு

மருத்துவமனைக்கே வராதவர்களைப் பார்க்கும் முறை இது. முறையான மாதிரித் தெரிவின் மூலம் சில ஆயிரம் அல்லது சில லட்சம் வீடுகளுக்குச் சென்று, கேள்விகள் கேட்டு, உயரம், எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து, தேவையானால் இரத்த மாதிரியும் எடுக்கிறார்கள்.

மேலே சொன்ன உதாரணம் எச்ஐவி பற்றியது. இந்தியாவில் பல ஆண்டுகளாக எச்ஐவி தொற்றுடன் வாழ்பவர்களின் எண்ணிக்கை, மகப்பேறுப் பரிசோதனை மையங்கள் உள்ளிட்ட தேர்ந்தெடுத்த மையங்களின் தரவை வைத்தே பெரிதும் கணிக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் எய்ட்ஸ் திட்டத்தின் 2006ஆம் ஆண்டு அறிக்கையில் அது 57 லட்சம். மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 2005-06இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தது. அந்தத் தரவும், எண்ணிக்கையில் கூடிய மையங்களின் தரவும் சேர்ந்ததும், 2007இல் மதிப்பீடு சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. தொற்று பாதியாகக் குறைந்துவிடவில்லை. பார்த்த இடம் மாறியது. அதே வேளையில், தொற்று கூடுகிறதா குறைகிறதா என்ற போக்கை ஆண்டுதோறும் காட்டிவந்தவை பழைய மையங்கள்தாம். அந்தப் பணியில் அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. போக்கை அறிய மையங்கள், அளவை அறியக் கணக்கெடுப்பு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கணக்கெடுப்பு கொள்கையை மாற்றிய மிகச் சிறந்த தருணம் என்று நான் கருதுவது பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயத்தின் கதை. அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வு 1976 முதல் 1980 வரை மக்களின் இரத்தத்தில் ஈயத்தை அளந்தது. அந்தக் காலத்தில் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயத்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. இரத்தத்திலுள்ள ஈயத்தின் சராசரியும் அதனோடு சேர்ந்து இறங்கி, சுமார் 37 சதவீதம் குறைந்திருந்தது. ஈயக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாமா என்ற பேச்சு 1980களின் தொடக்கத்தில் எழுந்தபோது இந்த வரைபடம் விவாதத்தின் திசையையே மாற்றியது; 1985இல் வரம்பு முன்னெப்போதையும்விடக் கடுமையாக்கப்பட்டது. ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தையை யாரும் நோயாளியாகக் கொண்டுவருவதில்லை. நோய் அறிக்கைகளில் இது ஒருபோதும் தெரிந்திருக்காது.

நீண்டகால நோய்களுக்கும் இதே நிலைதான். இதய நோய் இறப்பு மிக அதிகமாக இருந்த பின்லாந்தின் வட கரேலியாவில் 1972இல் தொடங்கிய திட்டம், புகைப்பழக்கம், கொழுப்பு மிகுந்த உணவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறைக்க ஊரையே திரட்டியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த கணக்கெடுப்பு அந்த உழைப்பு பலிக்கிறதா என்று காட்டிக்கொண்டே இருந்தது. நாற்பது ஆண்டுகளில் அங்கே உழைக்கும் வயதினரின் இதய நோய் இறப்பு விகிதம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

எல்லை எங்கே? அரிதாக நிகழ்பவற்றைக் கணக்கெடுப்பால் பிடிக்க முடியாது. ஒரு லட்சம் பிரசவங்களில் 100 தாய்மார்கள் இறக்கும் நாட்டில், 20,000 பிரசவங்களைப் பற்றி விசாரிக்கும் பெரிய கணக்கெடுப்பில்கூட 20 இறப்புகளையே எதிர்பார்க்கலாம். தற்செயலாகவே அது 12 ஆகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். ஐந்தாண்டில் மகப்பேற்று இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததா என்ற கேள்விக்கு இது பதில் தராது. மாவட்ட அளவில் கேட்பதில் பொருளே இல்லை. மறைச்செலவு, தொடர்ச்சியைப் பொறுத்தது. 1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் குடும்ப நலக் கணக்கெடுப்புகளுக்குத் துணைநின்ற பன்னாட்டுத் திட்டம் அமெரிக்காவின் நிதியை நம்பியிருந்தது. 2025இல் அந்த நிதி நிறுத்தப்பட்டபோது பல நாடுகளின் அடுத்த சுற்று கேள்விக்குறியானது. பிறர் பணத்தில் நடக்கும் கணக்கெடுப்பை உங்களுடையது என்று எண்ணிவிடக் கூடாது.

## 4. இறப்புப் பதிவும் இறப்பின் காரணமும்

இந்த ஐந்தில் மிகப் பழையது இது. புதுமை என்று காட்ட இதில் எதுவும் இல்லாததால் நிதி ஒதுக்கும்போது மிக எளிதாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். சுவீடன் 1749 முதலே நாடு முழுவதும் இறப்புகளை முறையாகத் தொகுத்துவந்தது. 1854இல் லண்டனில் சோஹோ பகுதியில் காலரா வெடித்தபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் நாடிச் சென்றது பதிவாளர் அலுவலகத்தை. செப்டம்பர் 2இல் முடிந்த வாரத்தில் அந்த வட்டாரத்தில் பதிவான 89 காலரா இறப்புகளின் பட்டியலை அவர் வாங்கினார். அவற்றில் 79 கடைசி இரண்டு நாட்களில் நிகழ்ந்தவை. முகவரிகளை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சென்றபோது, ஏறக்குறைய எல்லா இறப்புகளும் பிராட் தெருவின் தண்ணீர்க் குழாய்க்கு அருகில் நிகழ்ந்திருப்பது தெரிந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. ஸ்னோவின் அறிவுக்கூர்மையைப் புகழ்பவர்கள், அந்தப் பட்டியல் சில நாட்களுக்குள் கையில் கிடைக்கும்படி ஒரு பதிவு முறையை முன்பே கட்டிவைத்தவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பதிவு செய்வது மட்டும் போதாது, காரணம் சரியாக எழுதப்பட வேண்டும். மருத்துவச் சான்றிதழில் காரணத்துக்கென வரிசையாக சில கோடுகள் இருக்கும். ஒரு மூதாட்டி வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, படுத்த படுக்கையாகிறார், நுரையீரலில் தொற்று ஏற்பட்டு இறக்கிறார். முதல் கோட்டில் நுரையீரல் தொற்று, அதற்குக் காரணமாக அடுத்த கோட்டில் எலும்பு முறிவு, அதற்குக் காரணமாகக் கடைசிக் கோட்டில் வழுக்கி விழுந்தது என்று எழுதினால், பன்னாட்டு நோய் வகைப்பாட்டு விதிகளின்படி அந்த மரணம் விபத்தால் நேர்ந்ததாகக் கணக்கிடப்படும். முதியோர் விழுவதைத் தடுக்க என்ன செய்யலாம் என்ற கேள்வி எழும். "இதயமும் மூச்சும் நின்றன" என்று ஒரே கோட்டில் முடித்துவிட்டால் அது பொய்யல்ல, ஆனால் எல்லா மரணத்துக்கும் பொருந்துவது. யாருக்கும் எதையும் சொல்லித் தராது. மருத்துவ மாணவர்களுக்கு இந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்பக் கற்றுத் தருவதைவிடக் குறைந்த செலவில் ஒரு நாட்டின் நலத் தகவலை மேம்படுத்தும் வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலேயே நிகழும் மரணங்களுக்குச் சான்றளிக்க மருத்துவர் இருக்க மாட்டார். அங்கே, பயிற்சி பெற்றவர் சில வாரங்களுக்குப் பிறகு குடும்பத்தாரைச் சந்தித்து, கடைசி நாட்களின் அறிகுறிகளை ஒழுங்கான கேள்விகளால் கேட்டறியும் வாய்மொழி விசாரணை உதவும். எல்லா வீடுகளுக்கும் போக வேண்டியதில்லை. மாதிரிப் பகுதிகளில் செய்தாலே போதும். தனி மனிதரின் காரணம் தவறாகலாம். மொத்தப் பங்கீடு ஏறக்குறையச் சரியாக வரும்.

உலகில் நிகழும் பத்து இறப்புகளில் நான்கு பதிவாவதே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணித்தது. ஆப்பிரிக்க மண்டலத்தில் பத்தில் ஒன்றுதான் பதிவாகிறது. இதன் விலை பெருந்தொற்றின்போது வெளிப்பட்டது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கோவிட் இறப்புகளாக நாடுகள் அறிவித்தவை சுமார் 54 லட்சம். வழக்கமாக எதிர்பார்க்கும் இறப்புகளுக்கு மேல் நிகழ்ந்தவை சுமார் 1.49 கோடி என்று அந்நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. இதில் தொற்றால் நேரடியாக இறந்தவர்களும், மருத்துவமனைகள் திணறியதால் வேறு நோய்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்களும் அடக்கம். இறப்புப் பதிவு முழுமையாக இருந்த நாடுகளில் இந்த எண் நேரடியாக எண்ணிப் பெறப்பட்டது. இல்லாத நாடுகளில் கணித மாதிரிகளால் ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் சர்ச்சையில் முடிந்தது. தம் மக்களில் எத்தனை பேரை இழந்தோம் என்பதையே ஒரு நாடு உறுதியாகச் சொல்ல முடியாமற்போவது வேதனையானது.

இம்முறையின் குறை, எச்சரிக்கை மிகத் தாமதமாக வருவது. உயிரைப் பறிக்காத துன்பங்கள், அதாவது மனச்சோர்வு, முதுகுவலி, பார்வை இழப்பு ஆகியவை இதில் தெரியவே மாட்டா. மறைச்செலவு, சுகாதாரத் துறைக்கு வெளியே இருப்பது: பதிவுச் சட்டம், உள்ளாட்சி, நீதித்துறை ஆகியவற்றோடு ஆண்டுக்கணக்கில் இணைந்து உழைக்க வேண்டும். ஐந்தாண்டில் பலன் காட்ட வேண்டிய திட்டங்களுக்கு இது பிடிப்பதில்லை.

## 5. கழிவுநீர்ச் சோதனை

போலியோ வைரஸ் தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கே கைகால் செயலிழக்கிறது. மற்றவர்கள் அறியாமலே மலத்தில் வைரஸை வெளியேற்றுகிறார்கள். அதனால் முதல் நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே நகரின் கழிவுநீர் உண்மையைச் சொல்லிவிடும். 2013இல் இஸ்ரேலில் கழிவுநீரில் போலியோ வைரஸ் தொடர்ந்து கிடைத்தது, ஆனால் ஒரு குழந்தைகூட முடங்கவில்லை. அங்கே போடப்பட்டுவந்த ஊசி மருந்து முடக்கத்தைத் தடுக்கும். குடலில் வைரஸ் பெருகுவதை முழுவதும் தடுக்காது. நோய் அறிக்கை முறை மட்டும் இருந்திருந்தால் எதுவுமே நடக்காததுபோலத் தோன்றியிருக்கும். கழிவுநீர்த் தரவை வைத்துக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டு, பரவல் நிறுத்தப்பட்டது.

2022இல் லண்டனின் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்திலும், தடுப்பு மருந்திலிருந்து மாற்றமடைந்த போலியோ வைரஸ் கண்டறியப்பட்டது. அந்த நிலையம் சுமார் 40 லட்சம் பேரின் கழிவுநீரைப் பெறுவது. வைரஸ் இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. குழாய்வழியின் மேற்பகுதிகளில் மாதிரி எடுத்துப் பகுதிகளைக் குறுக்கிக் கண்டறிந்த பிறகு, நகரில் 1 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி அறிவிக்கப்பட்டது.

சோதனைக்கு யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, மருத்துவரிடம் போக வேண்டியதில்லை; பணக்காரர் ஏழை என்ற பாகுபாடும் இல்லை. ஆனால் குழாய் இணைப்பு இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே இந்தச் சமத்துவம். கழிவறைத் தொட்டிகளையும் திறந்த வெளியையும் நம்பியிருக்கும் மக்கள், அதாவது தொற்றுக்கு அதிகம் ஆளாகக்கூடியவர்கள், பெரும்பாலும் விடுபடுகிறார்கள். மழை பெய்தால் மாதிரி நீர்த்துப்போகும். ஒரே கட்டடத்தின் அல்லது சிறைச்சாலையின் கழிவுநீரைச் சோதிக்கத் தொடங்கினால் தனிமனித உரிமை பற்றிய கேள்வி எழும். இவற்றைவிடப் பெரிய மறைச்செலவு, கண்டறிந்த பின் என்ன செய்வது என்று தீர்மானிக்காமல் கருவியை வாங்குவது. போலியோவுக்குத் தடுப்பூசி இயக்கம் என்ற தெளிவான அடுத்த அடி உண்டு. வரிசையாகப் பத்துக் கிருமிகளைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் அப்படி ஓர் அடி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இணையத் தேடல்களையும் செய்திகளையும் கவனிப்பதை ஆறாவது முறையாகச் சேர்க்கவில்லை. செய்திகளைச் சல்லடை போடுவது மலிவானது, பயனுள்ளது; 2019 டிசம்பர் 30 அன்று வூகானின் நிமோனியா பற்றி உலகை எச்சரித்தவற்றில் புரோமெட் என்ற அத்தகைய அமைப்பும் ஒன்று. ஆனால் அது விசாரணையைத் தொடங்குவதற்கான மணி மட்டுமே. தேடல் சொற்களை வைத்துக் காய்ச்சலை அளக்க 2008இல் தொடங்கிய கூகுளின் முயற்சி, 2012-13 குளிர்காலத்தில் பெரிதும் மிகைப்படுத்திக் கணித்து, 2015இல் நிறுத்தப்பட்டது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| முறை | வேகம் | விடுபடுபவர்கள் | நம்பத்தக்க சிறிய பகுதி | மறைச்செலவு | சிறந்து நிற்கும் இடம் |
|---|---|---|---|---|---|
| நோய் அறிக்கைகள் | நாட்கள் | மருத்துவரிடம் போகாதவர்கள், தனியாரிடம் போகிறவர்கள் | ஊர் வரை | ஊழியர் நேரம். நேர்மைக்குத் தண்டனை | தனி நோயாளியைத் தேடிச் செல்ல வேண்டிய தொற்றுகள் |
| தேர்ந்தெடுத்த மையங்கள் | வாரங்கள் | மையத்துக்கு வெளியே உள்ள அனைவரும் | பகுதி அளவில் இல்லை | காலம் மாறியும் மாறாத மையங்கள் | போக்கு, கிருமி வகை, மருந்துக்குக் கட்டுப்படாமை |
| வீட்டுக் கணக்கெடுப்பு | ஆண்டுகள் | விடுதியில், தெருவில், இடம்பெயர்ந்து வாழ்வோர் | மாகாணம் வரை. பெரிய மாதிரியில் மாவட்டம் | வெளி நிதியை நம்பிய தொடர்ச்சி | நீண்டகால நோய்கள், ஊட்டம், தடுப்பூசி வீச்சு |
| இறப்புப் பதிவு | வாரங்கள் முதல் ஆண்டுகள் வரை | பதிவாகாத வீட்டு மரணங்கள் | முழுமையானால் ஊர் வரை | பிற துறைகளோடு நீண்ட உழைப்பு | எதற்கு முன்னுரிமை என்ற அடிப்படை முடிவு |
| கழிவுநீர் | நாட்கள் முதல் வாரங்கள் வரை | குழாய் இணைப்பு இல்லாதவர்கள் | குழாய்வழி எல்லை | அடுத்த அடி இல்லாத கண்டுபிடிப்பு | அறிகுறியின்றிப் பரவும் தொற்று |

## எந்தச் சூழலில் எது

பெரும்பாலான மரணங்கள் வீட்டில் நிகழ்ந்து, பாதிகூடப் பதிவாகாத இடத்தில், மற்றெதையும்விட இறப்புப் பதிவையே முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மாதிரிப் பகுதிகளில் வாய்மொழி விசாரணையைச் சேர்த்துக்கொள்ளலாம். பலன் தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் எந்த நோய்க்கு மருத்துவமனை கட்டுவது, எந்த வயதினரை இழந்துகொண்டிருக்கிறோம் என்பது தெரியாமல் செலவிடும் ஒவ்வொரு ஆண்டும் இன்னும் பெரிய இழப்பு. அதோடு, திடீர்ப் பரவலுக்காக மிகக் குறுகிய அறிக்கைப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் எதிரே "அறிக்கை வந்தால் யார், எத்தனை மணி நேரத்தில், என்ன செய்வார்" என்று எழுத முடிந்தால் மட்டும் அந்த நோயைப் பட்டியலில் சேர்க்கலாம்.

தொற்றுகள் ஓரளவு கட்டுக்குள் வந்து, இதய நோயும் நீரிழிவும் புற்றுநோயும் முன்னுக்கு வந்துவிட்ட நாட்டில், அளவீடுகளோடு கூடிய கணக்கெடுப்புக்கே முதலிடம். கேள்வி மட்டும் கேட்டால் போதாது: தமக்கு இரத்த அழுத்தம் இருப்பதையே அறியாதவர்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அதே முறையில், சொந்த நிதியில் நடத்த முடியுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை மட்டும் நடக்கும் மிகப் பெரிய ஆய்வைவிட, மூன்று முறை நடக்கும் நடுத்தர ஆய்வு மேலானது.

தடுப்பூசி வீச்சில் ஓட்டைகள் இருந்து, நகரில் குழாய்வழிகள் ஓரளவு பரவியிருந்தால், போலியோவுக்காகக் கழிவுநீர்ச் சோதனையைத் தொடங்குவது நியாயமான செலவு; ஆனால் நோய் அறிக்கை முறையை வலுவிழக்கச் செய்து அந்தப் பணத்தை எடுக்கக் கூடாது. வைரஸ் எந்தக் குழாயில் வந்தது என்று கழிவுநீர் சொல்லும். எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போடப்படவில்லை என்பதைச் சொல்ல ஊர்ச் செவிலியர் வேண்டும்.

இன்னொரு சூழலும் உண்டு. நடுத்தர வருமான நாடுகள் பலவற்றுக்குப் பொருந்துவது அதுவே என்று நினைக்கிறேன். ஐந்து முறைகளும் அரைகுறையாக இருக்கின்றன, தரவு வந்து குவிகிறது, யாரும் படிப்பதில்லை. அங்கே புதிய முறை எதையும் சேர்க்கக் கூடாது. வந்த எண்களை வாரந்தோறும் பார்த்து, சந்தேகம் வந்தால் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் பயிற்சி பெற்ற ஒருவரை ஒவ்வொரு மாவட்டத்திலும் நிரந்தரப் பணியில் அமர்த்துவதற்கே அந்த நிதி போக வேண்டும். அறிக்கை அனுப்பும் மருத்துவருக்கும் செவிலியருக்கும், அவர்கள் அனுப்பிய தகவலால் என்ன நடந்தது என்பதை மாதம் ஒரு பக்கமாக அவர் எழுதி அனுப்பத் தொடங்கினால், விடுபட்டிருந்த மையங்களும் தாமாகவே அறிக்கை அனுப்ப முன்வரும்.